வியட்நாமில் உள்ள தாய் இன கிராமங்களில் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

ஹனோயிலிருந்து சாலை வழியாக நாலு மணி நேரத்துக்குள் மாய் சாவ் பள்ளத்தாக்குக்குப் போய்விடலாம். அங்கே லாக் என்ற கிராமத்தில் ஒரு வீட்டில் தங்கியிருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

தாய்லாந்துக்காரர்களோடு இந்தத் தாய் இன மக்களுக்கு மொழி உறவு உண்டு. ஆனால் பல நூற்றாண்டுகளாக வியட்நாமின் வடமேற்கு மலைகளுக்கு நடுவே நெல் விளைவித்து வாழ்பவர்கள் இவர்கள். 2019 கணக்கெடுப்பில் 18 லட்சம் பேருக்கு மேல். வெள்ளைத் தாய், கருப்புத் தாய் என்று பிரிவுகள் உண்டு. மாய் சாவில் இருப்பவர்கள் வெள்ளைத் தாய்.

வீடு மரத்தூண்கள் மேல் நிற்கும். மேலே பிளந்த மூங்கில் பரப்பிய தரை, அதில் படுக்கை. கீழே தறி, விறகு, கோழிகள், இப்போது மோட்டார் பைக்கும்.

எனக்கு அந்த வாழ்க்கை புரிந்தது சோற்றில்தான். நம் செட்டிநாட்டுக் கவுனி அரிசி மாதிரி ஒட்டும் அரிசி அது. ராத்திரியே ஊறப்போட்டு, விடியலில் மரச்சட்டியில் ஆவியில் வேகவைக்கிறார்கள். வெந்ததைக் கொட்டி, ஆவி போகக் கிளறி, மூடி போட்ட மூங்கில் கூடையில் வைத்துவிட்டால் வயலுக்கும் அதே கூடைதான் போகும். தட்டு வேண்டாம், கையால் பிய்த்து உருட்டி, சாம் சியோ என்ற துவையலில் தொட்டுச் சாப்பிடுவார்கள். சுட்ட மிளகாய், பூண்டு, உப்பு, அப்புறம் மாக் கென் என்ற காட்டு மிளகு. நாக்கு லேசாக மரத்துப்போகும், ஆனாலும் கை நிற்காது.

சோன் லா, தியன் பியன் பக்கத்துக் கருப்புத் தாய் கிராமங்களில், கல்யாணமான பெண் உச்சிக்கொண்டை போட்டு வெள்ளி ஊசி குத்தியிருப்பார். அவுரிச் சாயம் ஏற்றிய துணியில் ஓரங்களில் பூத்தையல் போட்ட பியூ என்ற தலைத்துணியைப் பெண்கள் கல்யாணத்துக்கு முன்பே தைத்துச் சேர்ப்பார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு அதுதான் சீர்.

கைகோத்து வட்டமாக ஆடும் சோவே நடனத்தை 2021இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மாய் சாவில் ராத்திரி சுற்றுலாப் பயணிகளுக்கு ஆடிக் காட்டுவதைப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் விடிகாலையில் அடுப்படிக்கும் வயலுக்கும் போய்ப் பாருங்கள் என்பேன்.

துணி வாங்குவதானால் ஒன்று: கடைகளில் தொங்குவதெல்லாம் கைத்தறி இல்லை. தறி ஓடுகிற வீடாகப் பார்த்து, நெய்கிறவரிடமே கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான் இருக்கும், பேரம் பேசாதீர்கள்.