‘அது ஒண்ணும் பண்ணாதுங்க!’

கேள்வி: எதிர் வீட்டில் அல்சேஷன் வளர்க்கிறார்கள். பகலெல்லாம் மொட்டை மாடியில் கட்டிக் கிடக்கும். சாயங்காலம் ஆறாம் வகுப்புப் படிக்கும் பையன் அதைத் தெருவுக்குக் கூட்டி வருவான். பார்த்தால் அதுதான் அவனைக் கூட்டிப் போவதுபோல் இருக்கும். போன மாதம் என் மாமியாரின் புடவையைக் கவ்விக் கிழித்துவிட்டது. கேட்டதற்கு, ‘அது ஒண்ணும் பண்ணாதுங்க, நீங்க பயந்தாதான் அதுக்குக் கோபம் வரும்’ என்கிறார் வீட்டுக்காரர். தெருவில் ஒருவர், ‘பிஸ்கட்டில் மருந்து வைத்துவிடலாம்’ என்கிறார். என்ன செய்யலாம் டாக்டர்?
- ஒரு வாசகி, ஆதம்பாக்கம்

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள் அம்மா. கிழிந்தது புடவை மட்டும்தானா? பெரியவர்கள் பல நேரம் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டு மஞ்சளைப் பற்றுப் போட்டுக்கொள்வார்கள். இன்றே மாமியாரின் கணுக்காலையும் கெண்டைக்காலையும் பாருங்கள், கேளுங்கள். சின்னக் கீறல் பட்டிருந்தாலும், மாதம் கடந்துவிட்டதே என்று விடாமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம்.

அப்புறம், அந்த பிஸ்கட் பேச்சை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். நாயை விஷம் வைத்துக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டத்தின் 325-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை கிடைக்கும். அதைவிட, தெருவில் கிடக்கும் பிஸ்கட்டை யார் எடுத்துத் தின்பார்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா? பூச்சிமருந்து தின்ற நாய்களை என் மேஜையில் கிடத்திப் பார்த்தவன் நான். அதை இங்கே விவரிக்க வேண்டாம்.

‘ஒண்ணும் பண்ணாது’ என்ற வசனத்தை நானும் ஒரு காலத்தில் பேசியிருக்கிறேன். என் டாபர்மேன் வீட்டுக்குள் குழந்தை மாதிரி. ஒருநாள் கேட் கொண்டியைச் சரியாகப் போடாமல் விட்டேன். சிலிண்டர் போட வந்த தம்பியின் கெண்டைக்காலில் நாலு பல்லும் இறங்கிவிட்டன. குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவினேன். ‘விடுங்க சார், இன்னும் எட்டு வீடு பாக்கி இருக்கு’ என்று எழுந்துகொண்டே இருந்தான். ஆழமான கடி என்பதால் ஆஸ்பத்திரியில் தடுப்பூசியோடு, வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் சீரம் மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போட்டார்கள். பிறகு 3, 7, 28-ஆம் நாள் ஊசிகளுக்கும் என் ஸ்கூட்டரில்தான் அழைத்துப் போனேன். அதனால் அவன் இழந்த நாள்களின் கூலியையும் கொடுத்தேன். தெருவே சிரித்தது: நாய் டாக்டர் வீட்டு நாயே கடித்துவிட்டதாம்! கடித்தது நாய்தான், கொண்டியை விட்டது நான். உங்கள் எதிர் வீட்டுக்காரருக்கு இது இன்னும் புரியவில்லை.

அவரிடம் தெருவில் வைத்துப் பேசாதீர்கள். நாலு பேர் முன்னால் யாரும் தவறை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களும் கணவரும் வீட்டுக்குப் போங்கள், கிழிந்த புடவையோடு. ‘உங்க நாய் மோசம்’ என்று ஆரம்பித்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. தெருவுக்கு வரும்போது பெரியவர் ஒருவர் பிடிக்க வேண்டும், வாய்மூடி போட வேண்டும், தடுப்பூசிப் புத்தகத்தைக் காட்ட வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். வாய்மூடி கூடை மாதிரி இருப்பதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். வாயை இறுக்கும் நைலான் பட்டை போட்டால் சென்னை வெயிலில் நாயால் மூச்சிரைக்கக்கூட முடியாது.

மொட்டை மாடி விஷயத்தையும் சொல்லுங்கள். நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாய் சாயங்காலம் அவிழ்த்துவிட்டால் வேறெப்படி இருக்கும்? கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாமலிருப்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அல்சேஷன் என்பதால் மட்டும் அது பொல்லாததாகிவிடாது. என் இடது கைத் தழும்பு ஒரு பொமரேனியன் போட்டது.

இதற்கும் மசியாவிட்டால் எழுத்தில் இறங்குங்கள். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம், அதற்குத் தடுப்பூசிச் சான்று வேண்டும். மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் சொல்லிவிட்டு, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் ‘கடிக்கட்டும், பார்ப்போம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வரக்கூடும் என்ற நிலையில் உரிமையாளர் கவனக்குறைவாக இருந்தாலே அதே நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு பொருந்தும்: 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறியபோது உரிமையாளரைக் கைது செய்தார்கள். ஆபத்தான விலங்கை அடைத்துவைக்க உத்தரவிடும் அதிகாரம் கோட்டாட்சியருக்கும் உண்டு. ஆகவே புடவையைத் துவைத்துத் தைத்துவிடாதீர்கள். நாய் பையனை இழுத்துக்கொண்டு ஓடுவதைத் தேதியோடு செல்போனில் எடுத்து வையுங்கள்.

அதுவரை மாமியாரைக் கையில் குடையோடு போகச் சொல்லுங்கள். நாய் வந்தால் ஓட வேண்டாம், கண்ணைப் பார்த்து முறைக்க வேண்டாம், குடையை நடுவில் விரித்துப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்கினால் போதும்.

அந்தப் பையனைத் திட்டாதீர்கள். சங்கிலியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நடக்கிறானா என்று மட்டும் பாருங்கள். சுற்றியிருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். நாய் ஒரு பூனையைப் பார்த்துப் பாய்ந்தால் அவன் கை ஒடிந்துவிடும்.