ஹெல்மெட்டைக் கழற்றும் வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேற்றுக்கோளில் குடியேறும் மனிதர்களைப் பற்றி ஒரு குறுநாவல் எழுதி முடித்திருக்கிறேன். 200 பேர், 12 ஒளியாண்டு தொலைவிலுள்ள டௌ செட்டி விண்மீனுக்கு, ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கில், 120 ஆண்டுகள் உறக்கத்திலேயே போய்ச் சேர்கிறார்கள். இறங்கும் கோளில் புல்பூண்டு இல்லை, விலங்கு இல்லை, ஆனால் காற்று நம் காற்று மாதிரியே. மூன்றாம் அத்தியாயத்தில் ஹெல்மெட்டைக் கழற்றி மூச்சை இழுக்கிறார்கள். கறுப்பு மண்ணில் கோதுமை விதைத்து முதல் பருவத்திலேயே அறுக்கிறார்கள். மூன்றாம் தலைமுறையில் பத்து லட்சம் பேர் வாழும் நகரம். படித்த நண்பர்கள் எல்லோரும் 'நன்றாக இருக்கிறது, ஆனால் எதுவுமே நடக்கவில்லை' என்கிறார்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு மிருகத்தைக் கொண்டுவரலாமா? அறிவியல் எந்த அளவுக்குச் சரியாக இருக்கவேண்டும்? ஏர்லாக் (காற்றழுத்தத்தைத் தாங்கும் இரட்டைக் கதவறை) போன்ற சொற்களைத் தமிழாக்க வேண்டுமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

மிருகம் வேண்டாம். அந்தக் கோள் உங்கள் ஆட்களுக்கு எல்லாவற்றையும் சும்மா கொடுத்துவிடுகிறது. காற்று சும்மா, மண் சும்மா, அறுவடையும் சும்மா. பிறகு அவர்களுக்கு என்னதான் வேலை? இதெல்லாம் ஹெல்மெட்டைக் கழற்றும் அந்த ஒரு வரியில் தொடங்குகிறது.

ஆக்சிஜன் தனியாக நிற்கிற வாயு கிடையாது. இரும்பைத் துருவாக்கும், எரிமலை கக்கும் வாயுக்களோடு சேர்ந்துவிடும். யாராவது ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருந்தால்தான் காற்றில் 21 சதவீதம் நிற்கும். பூமியில் அதைச் செய்தவை கடலில் வாழ்ந்த சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள். காற்றில் ஆக்சிஜன் தங்கத் தொடங்கியதே சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அப்போது பூமிக்கு வயது 200 கோடியைத் தாண்டியிருந்தது. 'உயிரில்லாத கோள், ஆனால் நம் காற்று' என்பது ஆளில்லாத வீட்டில் அடுப்பு புகைகிற கதை. நீராவியைப் புறஊதாக் கதிர் உடைத்து, ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பி, ஆக்சிஜன் மிஞ்சுகிற வழி ஒன்று உண்டு. ஆனால் அது பெரிய அளவில் நடந்த கோளில் குடிக்கத் தண்ணீர் மிஞ்சுவது சந்தேகம்.

ஒரு சந்து இருக்கிறது. பூமியிலேயே தரையில் செடி வந்தது சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்கு முன் நெடுங்காலம் கடல் நிறைய நுண்ணுயிர், காற்றில் ஓரளவு ஆக்சிஜன், கரையெல்லாம் மொட்டைப் பாறை. உங்கள் கோளை அந்தக் கட்டத்தில் நிறுத்துங்கள். புல்பூண்டு இல்லாமல் மூச்சுவிடும் காற்று கிடைத்துவிடும். கறுப்பு மண் மட்டும் போய்விடும். மண்ணின் கறுப்பு பெரும்பாலும் செத்த செடிகளின் மட்கு. செடியே முளைக்காத இடத்தில் இருப்பது பாறை, மணல், களிமண், தூசி.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கரியமில வாயு. நம் காற்றில் அது 0.04 சதவீதம். தொழிற்கூடங்களில் எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருக்கும் வரம்பு 0.5 சதவீதம். 3 சதவீதத்தில் மூச்சு இரைக்கும், தலை வலிக்கும். 4 சதவீதத்தை உயிருக்கு உடனடி ஆபத்து என்றே வகுத்திருக்கிறார்கள். ஆக்சிஜன் 21 சதவீதம் இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. உங்கள் கோளின் காற்றில் அது 3 சதவீதம் என்று வைத்துவிட்டால், ஹெல்மெட்டைக் கழற்றுகிறவர் விழுந்து சாகமாட்டார். கொஞ்ச நேரம் சிரிப்பார், பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதுதான் உங்களுக்கு வேண்டிய மூன்றாம் அத்தியாயம்.

இந்தக் காற்றுக்கு விண்வெளி உடை தேவையில்லை, முகமூடி போதும். முகமூடிக்கு முன்னால் ஒரு பை; அதற்குள் சோடா லைம் என்கிற சுண்ணாம்புக் குருணை. அறுவைச் சிகிச்சையில் மயக்கமருந்துக் கருவியில் நோயாளி வெளிவிடும் கரியமில வாயுவைப் பிடிப்பதும் இதேதான். ஒருவர் நடந்துகொண்டே நிமிடத்துக்கு 15 லிட்டர் காற்றை இழுத்தால், 3 சதவீதக் கணக்கில் மணிக்குச் சுமார் 50 கிராம் கரியமில வாயு உள்ளே போகும். ஒரு கிலோ குருணை நடைமுறையில் 200 கிராம் வரை பிடிக்கும் என்று வைத்தால் மூன்றரை, நான்கு மணி நேரம் தாங்கும். அதாவது உங்கள் ஆட்கள் குடியிருப்பிலிருந்து இரண்டு மணி நேர நடைக்கு அப்பால் போகவேண்டுமென்றால் இரண்டாவது பையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அந்தக் கோளின் நிலவியலை இந்த ஒரு எண்ணே வரைந்துவிடும்.

தீர்ந்துபோன குருணையை எறியவேண்டாம். அது சுண்ணாம்புக்கல்லாக மாறியிருக்கும். ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டால் பிடித்த வாயுவை விட்டுவிட்டுச் சுட்ட சுண்ணாம்பாகும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு. அதோடு சில சதவீதம் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துப் பிசைந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் குருணையாக்கவேண்டும். பொடியானால் மூச்சை இழுக்க முடியாது. பெரிதானால் காற்று இடுக்கு வழியே பிடிபடாமல் ஓடிவிடும். முழுக்கக் காய்ந்தாலும் வேலை செய்யாது, ஏழில் ஒரு பங்காவது ஈரம் இருக்கவேண்டும். ஆகவே உங்கள் குடியிருப்பின் முதல் தொழிற்சாலை ஒரு சுண்ணாம்புக் காளவாய். விறகு இல்லாத கோள், மின்சாரத்தில்தான் சுடவேண்டும். கிலோவுக்கு ஒரு யூனிட் போகும். காளவாயில் வேலை செய்பவருக்கும் முகமூடி வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள், காளவாய் கக்குவது அதே வாயுவை.

குருணையில் ஒரு சாயம் சேர்ப்பார்கள். புதியது வெள்ளை, தீர்ந்துவிட்டால் ஊதா. இதில் ஒரு சூது இருக்கிறது. ஊதாவானதைக் கொஞ்ச நேரம் சும்மா வைத்தால் நிறம் மறுபடி வெளுக்கும். ஆனால் பிடிக்கும் சக்தி திரும்பியிருக்காது. யாரோ இரவில் மாட்டி வைத்த பழைய பை, காலையில் வெள்ளையாக, புதியதைப்போல அலமாரியில் தொங்கும். மிருகம் கேட்டீர்களே, இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம். 1991 செப்டம்பரில் அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடிக் கட்டடத்துக்குள் எட்டுப் பேர் போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். 1.27 ஹெக்டேர்; வயல், காடு, ஒரு சிறு கடல். ஆக்சிஜன் 20.9 சதவீதத்தில் தொடங்கி மெல்ல இறங்கியது. பதினாறு மாதத்தில் 14.5 சதவீதத்துக்குப் பக்கம், அதாவது 4,000 மீட்டர் மலைமேல் இருப்பதைப் போல. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றவேண்டி வந்தது. காரணத்தில் பாதி எளிது: பயிர் செழிக்கட்டும் என்று மட்கு நிறைந்த மண்ணைக் கொட்டியிருந்தார்கள், அதிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றன. ஆனால் அப்படியானால் அதே அளவுக்குக் கரியமில வாயு ஏறியிருக்கவேண்டும். அது ஏறவில்லை. எங்கே போனது? சுவருக்குள். கட்டடத்தின் கான்கிரீட்டிலிருந்த சுண்ணாம்பு அதைப் பிடித்துக் கால்சியம் கார்பனேட்டாக்கிக்கொண்டிருந்தது. செடிக்குத் திரும்பிப் போய் ஆக்சிஜனாகியிருக்கவேண்டியது சுவரில் கல்லாகிவிட்டது.

உங்கள் ஆட்கள் காளவாய்ச் சுண்ணாம்பை வைத்து வீடும் கட்டுவார்கள், இல்லையா? புதுச்சுவர் எழும்பியதும் ஆக்சிஜன் அளவுமானி மாதம் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கட்டும். யாருக்கும் மூச்சு முட்டாது. படியேறினால் களைப்பு, தூக்கம் கெடுதல், கணக்கில் சின்னச் சின்னப் பிழை, சிடுசிடுப்பு. மிருகத்தைச் சுடலாம். சொந்தச் சுவரை என்ன செய்வது?

சாப்பாட்டுக்கு வருகிறேன். முதல் பருவத்தில் மொட்டைத் தூசியில் கோதுமை முளைக்கும், ஆனால் மணி பிடிக்காது. காற்றில் எவ்வளவு நைட்ரஜன் இருந்தாலும் செடியால் அதை நேரே எடுக்க முடியாது. பயறுவகை வேரில் குடியிருக்கும் ரைசோபியம் பிடித்துத் தரவேண்டும். அந்த நுண்ணுயிரைப் பூமியிலிருந்தே உறையவைத்து எடுத்துப்போகவேண்டும். அதற்கு மாலிப்டினம் என்ற உலோகம் துளி தேவை. அந்தப் பாறையில் அது இல்லாவிட்டால் பயறும் மஞ்சளடித்து நிற்கும், காரணம் கண்டுபிடிக்க ஒரு வருடம் போகும். தூசியிலேயே விஷ உப்பு இருக்கலாம். 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட்டைக் கண்டது. அது தைராய்டுக்கு அயோடின் போகாமல் தடுக்கும். தண்ணீரில் எளிதில் கரையும் என்பதால் கழுவிவிடலாம், கழுவிய தண்ணீரை எங்கே விடுவது என்பது அடுத்த சண்டை. ஆகவே முதலில் தட்டுகளில், மண்ணில்லாமல், உரக்கரைசலில் பயிர். அதன் தாள், வேர், மனிதக் கழிவு எல்லாம் மட்காகி, பாறைத்தூசியோடு கலந்து, பயறு இரண்டு மூன்று முறை மடக்கி உழுத பிறகுதான் கோதுமை. மண்ணைச் செய்து முடித்த தலைமுறை அதில் அறுக்காமலே போய்விடலாம்.

விளக்கொளியில் பயிர் செய்வதாக இருந்தால் கணக்கு இது: ஒருவருக்கு நாளைக்கு 2,500 கிலோகலோரி என்பது தொடர்ந்து 120 வாட். ஒளியில் 2 சதவீதம் தின்னும் பண்டமாகிறது என்று தாராளமாகவே வைத்தால் 6,000 வாட் ஒளி. எல்ஈடி பாதியை வெப்பமாக விட்டால் 12 கிலோவாட். 200 பேருக்கு 2,400 கிலோவாட், இரவும் பகலும். கண்ணாடிக் கூரை போட்டால் விண்மீன் கைகொடுக்கும், ஆனால் அங்கே ஒரு நாள் எத்தனை மணி நேரம் என்பதை நீங்கள் எங்கும் சொல்லவில்லை.

இவ்வளவையும் கப்பலிலேயே கொண்டுபோயிருக்கலாமே என்பீர்கள். அந்த வேகத்தில் ஒரு கிலோவின் இயக்க ஆற்றல் 450 லட்சம் கோடி ஜூல், ஹிரோஷிமா குண்டைப்போல் ஏழு மடங்கு. அதைக் கொடுத்துத்தான் கிளம்பவேண்டும், போய்ச் சேர்ந்தபின் நிற்பதற்கு மறுபடி அதே அளவு. கப்பலில் ஏறும் ஒவ்வொரு திருகாணிக்கும் யாராவது கையெழுத்துப் போட்டிருப்பார்கள். (உறக்கப்பெட்டி பொய்தான். அது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.)

பத்து லட்சம் பேர் நகரத்தை அடித்துவிடுங்கள். ஆண்டுக்கு 3 சதவீதம் என்பது மிக வேகமான பெருக்கம். அப்படிப் பெருகினாலும் 200 பேர் 75 ஆண்டில் 1,800 சொச்சம்தான். 200 போதுமா என்பதே வழக்கு. யார் யாருக்குப் பிள்ளை பெறலாம் என்று கணினி தீர்மானிக்கிற குழுவுக்கு 98 பேர் போதும் என்று 2018-இல் மாரின், பெலூஃபி என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணக்கிட்டார்கள். 2014-இல் மானுடவியலாளர் கேமரன் ஸ்மித் சொன்னது 14,000-க்கு மேல். கட்டுப்பாடு எவ்வளவு என்பதில்தான் இடைவெளி. உங்கள் 200 பேரில் ஒருத்தி கணினி சொன்னவனை வேண்டாம் என்றால் அதுவே ஓர் அத்தியாயம். 1,800 பேரில் பல் பிடுங்கத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார், கணினிச் சில்லு செய்யத் தெரிந்தவர் இருக்கமாட்டார். பூமியிடம் கேட்கலாம், கேள்வி போய்ப் பதில் வர 24 ஆண்டு.

அந்தக் கோளின் கடலுயிர்களைத் தின்ன முடியுமா என்று யாராவது கேட்பார்கள். புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள், இடக்கையும் வலக்கையும் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவில் வரும்; நம் புரதங்கள் இடக்கை வடிவால் ஆனவை. அங்குள்ளவை வலக்கையாக இருந்தால் வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. அதே காரணத்தால் அங்குள்ள கிருமிக்கும் நாம் நல்ல சாப்பாடாக இருக்கமாட்டோம்.

கடைசியாக, சொற்கள். ஏர்லாக்கை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். 3 சதவீதக் கோளில் உங்களுக்கு அது தேவையே இல்லை; இரண்டு கதவுகள் போதும், ஒன்று மூடாமல் மற்றது திறக்காது. காற்றே இல்லாத கோளென்றால் ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் கதவின்மேல் 20 டன் அழுத்தம் உட்கார்ந்திருக்கும், அங்கே அந்தச் சொல்லுக்கு வேலை உண்டு. இங்கே ஆட்கள் 'உள்கதவு', 'வெளிக்கதவு' என்பார்கள். அவசரத்தில் கத்த முடிகிற சொல்தான் நிலைக்கும். சோடா லைம் முதல் வருடத்திலேயே 'சுண்ணாம்பு' ஆகிவிடும். பூமியிலிருந்து கொண்டுபோன சாயம் ஒருநாள் தீரும், அதைச் செய்யும் ரசாயனம் அவர்களிடம் இருக்காது. பிறகு பையைத் தராசில் வைத்து, எடை ஏறியதைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். மூச்சின் ஈரம் அதிலும் பொய் சொல்லும். மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகளுக்கு எல்லாப் பையும் வெள்ளைதான். ஆனால் எடை ஏறிய பையைக் காளவாய்ப் பக்கம் வீசும்போது அவர்களும் 'இது ஊதா' என்றுதான் சொல்வார்கள்.