கறுப்புதான் அடக்கமா?

கேள்வி: ராத்தா, கல்லூரிக்கு மஞ்சள், பச்சை என்று ஹிஜாப் கட்டிப் போகிறேன். "கறுப்புதான் அடக்கம்" என்கிறார் மாமி. என்ன செய்ய?
– வாசகி, கீழக்கரை

பதில்: தங்கச்சி, குர்ஆன் 24:31 முக்காட்டை மார்பு மறையப் போடச் சொல்கிறது, நிறம் எதையும் சொல்லவில்லை. உன் மாமியின் உம்மாவே வெள்ளைத் துப்பட்டியில்தான் வெளியே போயிருப்பார். கறுப்பு அபாயா என்ற நீள அங்கி நம் பக்கம் பரவியதே வளைகுடா சம்பாத்தியத்துக்குப் பிறகுதான். என் பீரோவில் மாம்பழ மஞ்சள்தான் அதிகம்.

ஆனால் ஜார்ஜெட் மட்டும் வேண்டாம். நாலு பின் குத்தினாலும் பஸ் ஏறுவதற்குள் வழுக்கிவிடும். உள்ளே பருத்தித் தொப்பி, மேலே 'வாயில்' (voile) என்ற மெல்லிய துணி, தாடைக்குக் கீழே ஒரே பின். நம்மூர் வெயிலுக்கு அதுதான் தோது. ஈரத்தலையோடு கட்டாதே, வாடை பிடிக்கும்.

மாமியிடம் வாதாடாதே. பெருநாளைக்கு அவருக்கும் ஒரு சாம்பல் நிறம் எடுத்துக் கொடு. கட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார்.