கேள்வி – பதில்: வெயிலும் மழையும் நெல்லுக்கு வைக்கும் செலவு – கூட்டாய்வை நடத்துவது எப்படி?

எங்கள் கல்லூரிப் பொருளாதாரத் துறை, ஒரு வேளாண் கல்லூரி, வானிலைத் தரவு கையாளும் ஒரு குழு ஆகிய மூன்றும் சேர்ந்து, காலநிலை மாற்றம் காவிரி டெல்டா நெல் விவசாயத்துக்கு ஏற்படுத்தும் பொருளாதார இழப்பை ஆராயப் போகிறோம். எங்கிருந்து தொடங்குவது?
– பேராசிரியர், தஞ்சாவூர்

கேள்வியைச் சுருக்குவதிலிருந்து தொடங்குங்கள். ‘பொருளாதார இழப்பு’ என்று சொல்லும்போது உங்கள் மூன்று குழுக்களும் மூன்று வெவ்வேறு பொருளை நினைத்துக்கொண்டிருக்கும். வேளாண் குழு மகசூலை நினைக்கும், வானிலைக் குழு வெப்பநிலை ஏற்றத்தை நினைக்கும், நீங்கள் விவசாயியின் நிகர வருமானத்தை நினைப்பீர்கள். இறுதி அறிக்கையில் வரப்போகும் முதல் அட்டவணையை இப்போதே காலியாக வரையுங்கள். வரிசைத் தலைப்பில் எந்தப் பருவம், எந்த இடம், எந்த அலகு என்று எழுதி, மூவரும் ஒப்புக்கொண்ட பிறகு தரவைத் தேடுங்கள்.

பருவத்தைப் பிரிக்காமல் ‘நெல்’ என்று மொத்தமாக எடுத்தால் ஆய்வு அங்கேயே கெட்டுவிடும். பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் பாதிக்கப்பட்டுப் பதர் கூடும். ஜூன் வாக்கில் விதைக்கும் குறுவைக்கு இந்த ஆபத்து அதிகம். சம்பா பூப்பது குளிர்ச்சியான மாதங்களில். அதற்கு எதிரி வடகிழக்குப் பருவமழையில் வயலில் தேங்கும் நீர். இரண்டையும் ஒரே சமன்பாட்டில் போட்டால் ஒன்றின் பாதிப்பு மற்றொன்றை மறைத்துவிடும்.

இன்னொன்றையும் அந்த அட்டவணையில் சேருங்கள்: ஈரப்பதம். குறுவை அறுவடையில் மழை பிடித்தால் மகசூல் குறையாமலே விவசாயி நஷ்டப்படுவார். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அதற்கு மேல் போனால் நெல் களத்திலேயே கிடக்கும், முளைக்கும், அல்லது வியாபாரியிடம் குறைந்த விலைக்குப் போகும். மகசூல் தரவை மட்டும் வைத்துக் கணக்கிடுபவருக்கு இந்த இழப்பு பூஜ்யமாகத் தெரியும்.

மாவட்ட நெல் புள்ளிவிவரத்தையும் மழை, வெப்பத் தரவையும் இணைக்கும்போது எண்கள் ஒத்துப்போகவில்லை. எங்கே தவறுகிறோம்?
– முனைவர் பட்ட ஆய்வாளர், திருச்சி

பெரும்பாலும் மூன்று இடங்களில் தவறு நடக்கும்: எல்லை, நாள், சராசரி.

எல்லையை முதலில் பாருங்கள். 1991இல் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் பிரிந்தது. 1997இல் நாகையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பகுதிகளை எடுத்துத் திருவாரூர் உருவானது. 2020இல் மயிலாடுதுறை வந்தது. ‘தஞ்சாவூர்’ என்ற பெயர் கோப்பு முழுக்க ஒன்றுதான்; அது குறிக்கும் நிலம் வேறு. இதைக் கவனிக்காவிட்டால், மாவட்டம் பிரிந்த ஆண்டில் சாகுபடிப் பரப்பு சரிந்ததை வறட்சி என்று கணினி எடுத்துக்கொள்ளும். நீண்ட காலத் தொடர் வேண்டுமானால் புதிய மாவட்டங்களைப் பழைய எல்லைக்குள் திரும்பச் சேர்ப்பதே பாதுகாப்பு. சேர்க்கும்போது மகசூலைச் சராசரி எடுக்காதீர்கள். ஒரு மாவட்டத்தில் 1,00,000 ஹெக்டேரில் 3 டன், மற்றொன்றில் 20,000 ஹெக்டேரில் 5 டன் என்றால் நேர் சராசரி 4 டன் காட்டும். உற்பத்தியைக் கூட்டிப் பரப்பால் வகுத்தால் வருவது 3.33. சரியானது இரண்டாவது.

அடுத்தது நாள். இந்திய வானிலைத் துறையின் மழை அளவு காலை 8.30க்கு முடியும் 24 மணி நேரத்துக்கானது. நவம்பர் 16 என்று பதிவான மழை, 15ஆம் தேதி காலை 8.30 முதல் 16ஆம் தேதி காலை 8.30 வரை பெய்தது. ‘ஈரா5’ போன்ற மறுபகுப்பாய்வுத் தரவு (பழைய வானிலைப் பதிவுகளையும் கணினி மாதிரியையும் இணைத்து உருவாக்குவது) கிரீன்விச் நேரத்தில் ஓடும். அதன் ஒரு நாள் நமக்குக் காலை 5.30க்குத் தொடங்கும். 2018இல் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பின். அந்த நேரத்து மழை ஒரு கோப்பில் 16ஆம் தேதியிலும் மற்றொன்றில் 15ஆம் தேதியிலும் இருக்கும். மாதக் கூட்டுத்தொகைக்கு இது பெரிதல்ல. பூக்கும் வாரம், அறுவடை வாரம் என்று நாள் கணக்கில் பார்க்கும்போது முடிவையே மாற்றும். இதோடு, மாநில வேளாண் புள்ளிவிவரம் ஜூலை முதல் ஜூன் வரையான பசலி ஆண்டில் வருகிறது. ஜூனில் விதைத்த குறுவை எந்தப் பசலியில் ஏறியது என்று புள்ளியியல் அலுவலகத்தில் கேட்டுத் தரவு விளக்கக் குறிப்பில் எழுதுங்கள்.

மூன்றாவது, சராசரி. வானிலைத் துறை நிலப்பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துத் தரும் மழைத் தரவு, அட்சரேகை–தீர்க்கரேகைக் கணக்கில் 0.25 டிகிரி அளவில் 1901 முதல் இருக்கிறது. வெப்பத் தரவின் கட்டம் 1 டிகிரி, 1951 முதல். ஒரு டிகிரிக் கட்டம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரம். பழைய தஞ்சை மாவட்டத்தை விடப் பெரியது. அதை வைத்துக்கொண்டு தாலுகாவுக்குத் தாலுகா வெப்ப வேறுபாடு பேச முடியாது. நுண்ணிய கட்டம் வேண்டுமானால் ‘ஈரா5-லேண்ட்’ ஏறத்தாழ 9 கிலோமீட்டர் அளவில் 1950 முதல் கிடைக்கிறது. எதை எடுத்தாலும், 35 டிகிரியைத் தாண்டிய அளவை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு நாளும் கணக்கிட்டுவிட்டு, பிறகு மாவட்டச் சராசரி எடுங்கள். ஒரு கட்டம் 37, மற்றொன்று 31 என்று வையுங்கள். முதலில் சராசரி எடுத்தால் 34. வரம்பைத் தாண்டவே இல்லை. முறையாகச் செய்தால் ஒன்று 2, மற்றொன்று 0, சராசரி 1 டிகிரி. பயிரைச் சுட்ட வெயில் முதல் முறையில் காணாமல் போகிறது.

டெல்டாவுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வயலுக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி உள்ளூர் மழை அல்ல. குடகிலும் வயநாட்டிலும் பெய்து மேட்டூர் வழியாக வருவது. மேட்டூர் திறக்கும் மரபு நாள் ஜூன் 12. 2022இல் மே 24லேயே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. திறப்பு நாளையும் நீர் வெளியேற்றத்தையும் சேர்க்காத கணக்கீட்டு மாதிரியில், அணையால் வந்த நஷ்டமெல்லாம் வெயில் கணக்கில் ஏறும்.

600 விவசாயிகளிடம் கணக்கெடுப்பு நடத்தத் திட்டம். புள்ளியியல் ரீதியாக இது போதுமா?
– ஆய்வு உதவியாளர், கும்பகோணம்

செலவு, கடன், காப்பீடு பற்றி அறியப் போதும். வானிலையின் பாதிப்பை அளக்க, ஒரே ஆண்டில் 600 பேர் போதாது. ஒரே மழைக் கட்டத்துக்குள் இருக்கும் ஐம்பது விவசாயிகளுக்கும் ஒரே மழை. வானிலையைப் பொறுத்தவரை அவர்கள் ஒரு சான்றுதான். பழைய தஞ்சை மாவட்டம் முழுவதும் 0.25 டிகிரி அளவில் பத்துப் பதினைந்து கட்டங்களே தேறும். ஆட்களைக் கூட்டுவதை விட ஆண்டுகளைக் கூட்டுவது பயன் தரும்: 200 குடும்பங்களிடம் மூன்று ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போகலாம். பிழை எல்லையைக் கணக்கிடும்போது அக்கம்பக்க மாவட்டங்கள் ஒரே புயலில் மாட்டுவதைக் கணக்கில் கொள்ளும் இடச்சார்பு முறையைக் கையாளுங்கள். மகசூலை வாய்மொழியாக மட்டும் கேட்காமல், சில வயல்களிலாவது 5 மீட்டருக்கு 5 மீட்டர் பயிர் அறுவடைச் சோதனை வைத்து ஒப்பிடுங்கள்.

பல நிறுவனங்கள் கைவைக்கும் தரவில் பிழை புகுந்தால் யார் கண்டுபிடிப்பது?
– திட்ட ஒருங்கிணைப்பாளர், சென்னை

‘எல்லோரும்’ என்று விட்டால் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இந்தத் துறையிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் ஜெர்மனியின் பாட்ஸ்டாம் காலநிலைத் தாக்க ஆய்வு நிறுவனத்தினர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, காலநிலை மாற்றம் இல்லாத நிலையோடு ஒப்பிட, நூற்றாண்டின் நடுவில் உலக வருமானம் 19 சதவீதம் குறைவாக இருக்கும் என்றது. உலகெங்கும் 1,600க்கும் மேற்பட்ட பகுதிகளின் தரவு அதில் இருந்தது. பிறகு மற்ற ஆய்வாளர்கள் ஒவ்வொரு நாடாக நீக்கிப் பார்த்தபோது, உஸ்பெகிஸ்தானை எடுத்ததும் நூற்றாண்டு இறுதிக்கான இழப்பு 62 சதவீதத்திலிருந்து 23 ஆக இறங்கியது. அந்த நாட்டின் 1990களின் வளர்ச்சி எண்களில் பிழை இருந்தது. திருத்தம் போதாத அளவுக்கு மாற்றம் தேவைப்பட்டதால் 2025 டிசம்பரில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

அந்தச் சோதனையை நீங்கள் முதல் நாளிலிருந்தே செய்யுங்கள். ஒரு மாவட்டம், ஓர் ஆண்டு என்று ஒவ்வொன்றாக நீக்கி மாதிரியை மறுபடி ஓட்டுவது சில நிமிட வேலை. ஒன்றை நீக்கியதும் முடிவு தலைகீழானால் அந்த வரிசையின் மூல ஆவணத்தைத் தேடி எடுங்கள். மூலக் கோப்புறையைப் படிக்க மட்டும் திறக்கும்படி பூட்டி வையுங்கள். திருத்தம் எல்லாம் நிரலில் நடக்கட்டும், எக்செல் கட்டத்தில் கையால் வேண்டாம். ஒவ்வொரு தரவுக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருக்கட்டும். நிரலை எழுதாத ஒருவர், குறிப்பை மட்டும் படித்து முதல் அட்டவணையைத் தனியாக உருவாக்கட்டும். இந்த வேலைக்கு நேரமும் சம்பளமும் திட்ட நிதியிலேயே ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் நடக்காது.

நிதி தாமதம், கட்டுரையில் பெயர் வரிசை: இவற்றை எப்போது பேசுவது?
– உதவிப் பேராசிரியர், மதுரை

கூட்டாய்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன். பங்களிப்பை 14 வகையாகப் பிரிக்கும் ‘கிரெடிட்’ முறை இருக்கிறது. யார் தரவு, யார் பகுப்பாய்வு, யார் எழுத்து என்று அதில் குறித்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பியுங்கள். களத்தில் தரவு திரட்டுபவர் பெயரும் அதில் வரவேண்டும். நிதி எப்போது வந்தாலும் பருவம் காத்திராது: அக்டோபரில் வரவேண்டிய தவணை ஜனவரியில் வந்தால் சம்பாவின் மழைப் பருவம் போய்விடும். களப்பணிச் செலவை முந்தைய தவணையிலேயே கேட்டு வாங்குங்கள்.

அரசு அலுவலர்கள் ‘மொத்த நஷ்டம் எத்தனை கோடி, ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்’ என்கிறார்கள். சொல்லலாமா?
– ஆய்வு மாணவி, கோவை

வரம்போடு சொல்லுங்கள், அனுமானத்தோடு சொல்லுங்கள். 50 ஆண்டு கழித்து வரும் 100 கோடி ரூபாய் நஷ்டத்தை 1.4 சதவீதத் தள்ளுபடி விகிதத்தில் (எதிர்காலப் பணத்தின் மதிப்பை ஆண்டுதோறும் குறைத்துப் பார்க்கும் விகிதம்) இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 50 கோடி. 4 சதவீதத்தில் 14 கோடி. 6 சதவீதத்தில் ஐந்தரைக் கோடிக்கும் குறைவு. தரவு ஒன்றே, வயல் ஒன்றே. மூன்றையும் ஒரே பக்கத்தில் போட்டு, எந்த உமிழ்வுக் காட்சிக்கானது (வாயு உமிழ்வு இனி எவ்வளவு இருக்கும் என்ற அனுமானம்) என்பதையும் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். மிக மோசமான காட்சியை மட்டும் எடுத்து ஒற்றை எண் தராதீர்கள். ஓர் ஆண்டு வெயிலுக்குப் பயிர் காட்டும் பாதிப்பை அப்படியே 2070க்கு நீட்டுவதும் கூடாது. அதற்குள் விவசாயி ரகத்தை மாற்றுவார், விதைப்பு நாளை நகர்த்துவார். இன்னொரு பக்கம் கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாகிச் சாகுபடியே நின்றும் போகலாம். இரண்டையும் தனித் தனிக் கணக்காகக் காட்டுங்கள்.