சுக்கான் பிடித்தவர் மேல் பழி

கேள்வி: டைட்டானிக் கப்பலில் சுக்கான் பிடித்தவர் பதற்றத்தில் சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டதால்தான் பனிப்பாறையில் மோதியது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். கப்பல் அதிகாரியின் பேத்தியே இதைச் சொல்லியிருக்கிறாராம். 1,500 பேர் சாவுக்கு ஒரு மனிதனின் கைத்தவறுதான் காரணமா?
- ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: இல்லை. பேத்தி சொன்னார் என்பது மட்டும் உண்மை. 2010இல் தன் நாவல் வெளிவந்த சமயத்தில் லூயிஸ் பேட்டன் இந்தக் குடும்ப ரகசியத்தை அவிழ்த்துவிட்டார். நாவலும் ரகசியமும் ஒரே நேரத்தில் வெளிவந்த பொருத்தத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. டைட்டானிக்கின் இரண்டாம் அதிகாரி சார்லஸ் லைட்டாலர் அவருடைய தாத்தா. தாத்தா பாட்டியிடம் சொன்னாராம், பாட்டி பேத்தியிடம் சொன்னாராம். சரி, தாத்தாவாவது பார்த்தாரா? 1912 ஏப்ரல் 14 இரவு 10 மணிக்கே பொறுப்பை முதல் அதிகாரி வில்லியம் மர்டாக்கிடம் ஒப்படைத்துவிட்டு அவர் அறைக்குப் போய்விட்டார். கப்பல் மோதியது 11.40க்கு. அப்போது அவர் படுக்கையில் இருந்தார்.

இந்தக் கதைக்கு ஊன்றுகோல் மர்டாக் போட்ட கட்டளை: "ஹார்ட் எ-ஸ்டார்போர்ட்!" ஸ்டார்போர்ட் என்றால் வலப்பக்கம். கப்பலோ இடப்பக்கம் திரும்பியது. இதைப் படிக்கிற யாருக்கும் "அட, ஆள் மாற்றித் திருப்பிவிட்டானே!" என்றுதான் முதலில் தோன்றும்.

ஒரு சிறு படகை நினைத்துக்கொள்ளுங்கள். சுக்கானின் தலையிலிருந்து படகுக்குள் ஒரு கட்டை நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து வலப்பக்கம் தள்ளுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் பலகை இடப்பக்கம் போகும், படகின் மூக்கும் இடப்பக்கமே திரும்பும். கப்பல் கட்டளைகள் அந்தக் கட்டையைப் பிடித்த காலத்தில் பிறந்தவை. பிறகு சக்கரம் வந்தது, நீராவி வந்தது, கட்டளை மட்டும் அப்படியே தங்கிவிட்டது. டயலே இல்லாத போனில் நாம் இன்னும் டயல் செய்துகொண்டுதானே இருக்கிறோம்? "ஹார்ட் எ-ஸ்டார்போர்ட்" என்றால் கட்டை வலப்பக்கம், கப்பல் இடப்பக்கம். மர்டாக் கேட்டது அதைத்தான். சுக்கான் பிடித்த ராபர்ட் ஹிச்சன்ஸ் செய்ததும் அதைத்தான்.

பாய்மரக் கப்பலில் ஒரு முறை, நீராவிக் கப்பலில் வேறு முறை, அதனால் குழம்பிவிட்டார் என்கிறார் பேட்டன். இங்கேதான் கதை உடைகிறது. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள், பாயில் ஓடியதோ நீராவியில் ஓடியதோ, பழைய கட்டளை முறையைக் கைவிட்டதே 1933இல்தான். அதுவரை கேப்டன் முதல் கடைசி மாலுமி வரை எல்லோருக்கும் ஒரே பாஷை. குழம்புவதற்கு இரண்டாவது முறை ஒன்று இருந்தால்தானே குழம்ப முடியும்?

"முதலில் தப்பாகத் திருப்பினார், பிறகு சரிசெய்தார், அதற்குள் நேரம் போய்விட்டது" என்று ஒரு பின்வாசலும் வைத்திருக்கிறார்கள். மோதும்போது கப்பலின் முகம் இடப்பக்கமாக இரண்டு பாயிண்ட், அதாவது 22 டிகிரிக்குச் சற்று மேல், திரும்பியிருந்தது என்பது ஹிச்சன்ஸின் சாட்சியம். டைட்டானிக்கின் இரட்டைப் பிறவியான ஒலிம்பிக்கை ஓட்டிச் சோதித்தார்கள். அந்த அளவு திரும்ப 37 விநாடி ஆனது, அதற்குள் கப்பல் சுமார் 425 மீட்டர் ஓடிவிட்டது. முதலில் வலப்பக்கம் போய், திரும்பி வந்து, மறுபடி இடப்பக்கம் இத்தனை டிகிரி சாய, பனிப்பாறை காத்திருந்ததா என்ன? தவிர, ஹிச்சன்ஸ் பக்கத்தில் ஆறாம் அதிகாரி ஜேம்ஸ் மூடி நின்றிருந்தார். சக்கரம் முழுதும் திரும்பிவிட்டது என்று மர்டாக்கிடம் குரல் கொடுத்தவர் அவர். பனிப்பாறை கிழித்ததும் வலப்பக்கத்தைத்தான். இடப்பக்கம் ஒதுங்கப் பார்த்த கப்பலுக்கு அடி விழ வேண்டிய இடம் அதுதான்.

லைட்டாலரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் விபத்து பற்றிய விசாரணையில் கப்பல் கம்பெனியைக் காப்பாற்றும்படி பேசியதை அவரே 1935இல் தன் நினைவுக்குறிப்பில் மறைக்காமல் எழுதினார். அவ்வளவு மனம் திறந்தவர் அந்தப் புத்தகத்தில் இந்தச் சுக்கான் விஷயத்தை மூச்சுவிடவில்லை.

அப்புறம் காரணம் எது? பிரிட்டிஷ் விசாரணையை நடத்திய மெர்சி பிரபு ஒளிக்காமல் சொன்னார்: அதிக வேகம். பனி பற்றிய எச்சரிக்கைகள் கம்பியில்லாத் தந்தியில் வந்துகொண்டே இருந்தன. நிலவில்லாத இரவு, அலையில்லாத கடல். பாறையின் அடியில் நுரைகூடத் தெரியாது. அதில் சுமார் 22 நாட், அதாவது மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகம். ஆனால் அதைக் கேப்டன் ஸ்மித்தின் அலட்சியம் என்று மெர்சி எழுதவில்லை. எல்லாக் கேப்டன்களும் அப்படித்தான் ஓட்டினார்களாம். உயிர்ப்படகுக் கணக்கு வேறு: கப்பலில் 2,200 பேருக்கு மேல், படகுகளில் இடம் 1,178 பேருக்கு. சட்டம் அதையும் போதும் என்றது!

ஹிச்சன்ஸைத் திட்டியே ஆக வேண்டும் என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. 6ஆம் எண் உயிர்ப்படகு அவர் பொறுப்பில் இருந்தது. தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கத் திரும்பிப் போக மறுத்தார் என்று அதில் இருந்தவர்களே சாட்சி சொன்னார்கள். 65 பேருக்கு இடமுள்ள படகில் 30 பேர்கூட இல்லை. அவ்வளவு காலியாக அதைக் கடலில் இறக்கிய அதிகாரி யார் தெரியுமா? லைட்டாலர்.