ராத்திரி ஊசி மட்டும் ஏன் விடுபடுகிறது?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். காலையில் 20 யூனிட், ராத்திரி 10 யூனிட் இன்சுலின் போடச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டால் ‘போட்டாச்சு’ என்பார். ஆனால் ஒரு பாட்டில் கிட்டத்தட்ட 20 நாள் வருகிறது, சர்க்கரையும் குறையவில்லை. சண்டை போட்டும் பார்த்துவிட்டோம். ஏன் இப்படிச் செய்கிறார்?
– வாசகி, ஈரோடு

பதில்: பாட்டிலைக் கவனித்தீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் 10 மில்லி பாட்டிலில் மில்லிக்கு 40 வீதம் 400 யூனிட் இருக்கும், தினம் 30 போட்டால் 13 நாளில் காலியாகிவிடும். 20 நாள் வருகிறது என்றால் பெரும்பாலும் காலை ஊசி ஒழுங்காகப் போகிறது, ராத்திரி ஊசிதான் போவதில்லை. ஆக அப்பாவுக்கு ஊசி என்றால் பயம், சோம்பேறித்தனம் என்றெல்லாம் சொல்ல முடியாது. ராத்திரியில் என்ன தடை என்றுதான் பார்க்க வேண்டும்.

கடையடைத்து வீட்டுக்கு வர பத்து, பத்தரை ஆகிறதா? இரண்டு வேளை போடும் பழைய வகைக் கலவை இன்சுலின் என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். பசியோடு வருகிறவர் ஊசி போட்டுவிட்டு கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பாரா, தட்டில் தோசை விழுந்ததும் சாப்பிட்டுவிடுவார், அப்புறம் ‘சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்’. இன்னொன்று, எப்போதாவது நடுராத்திரியில் வியர்த்துக்கொட்டி, கை நடுங்கி எழுந்தாரா என்று தனியாகக் கேளுங்கள். ஒரே ஒரு தடவை தூக்கத்தில் சர்க்கரை இறங்கிப் பயந்தவர்கள் அதற்கப்புறம் ராத்திரி ஊசியைத் தொடவே யோசிப்பார்கள், அதை வீட்டில் சொல்லவும் மாட்டார்கள். மத்தியான ஊசியை விடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் வேலை செய்யும் இடத்தில் சட்டையைத் தூக்கக் கூச்சம். மாதக் கடைசியில் விடுகிறவர்களுக்குக் காசு, அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

வலியும் இருக்கலாம். ஒரே ஊசியை வாரக்கணக்கில் வைத்துக்கொண்டு, தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் அங்கே கட்டியாகிவிடும், மருந்தும் சரியாக ஏறாது. வயிற்றைத் தடவிப் பார்த்தாலே தெரியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போட்டாலும் எரியும்.

எனக்குக் கவலை வேறு. ‘போடுறேன்’ என்று டாக்டரிடமும் சொல்லியிருப்பார். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்து, மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவார். உங்கள் சண்டைக்குப் பயந்து ஒருநாள் அப்பா கூட்டிய அளவை முழுசாகப் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். அதனால் இன்றைக்கே கட்டாயப்படுத்திப் போடவைக்காதீர்கள், அதற்காக நாளைத் தள்ளவும் வேண்டாம். இந்த வாரமே பாட்டிலோடு டாக்டரைப் பார்த்து உள்ளதைச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்தோடு சம்பந்தமில்லாமல் நாளுக்கு ஒருமுறை போடும் இன்சுலின் உண்டு, சாப்பிட உட்காரும்போதே போடும் வகையும் உண்டு. அப்பாவுக்கு எது ஒத்துவரும் என்று டாக்டர் முடிவு செய்யட்டும். (உடம்பில் இன்சுலின் கிட்டத்தட்ட சுரக்கவே சுரக்காத டைப் 1 சர்க்கரை உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு ஒருவேளை கூட நிறுத்திப் பார்க்க வேண்டாம், உயிருக்கே ஆபத்து.)

படுக்கைக்குப் பக்கத்தில் சர்க்கரை டப்பா ஒன்று வையுங்கள். ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், கால் மணி கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.