மாத்திரையில் மிச்சம் பிடித்து ஸ்கேனுக்குச் செலவழிக்காதீர்கள்

அம்மாவுக்குப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. செலவு தாங்கவில்லை. இனி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செக்கப் போக வேண்டும்?

எந்த உறுப்பு, எந்த ஸ்டேஜ், கீமோ கொடுத்தார்களா என்று ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? பயாப்ஸி ரிப்போர்ட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பார்த்து மறுபடி எழுதுங்கள். எட்டு மாதமாக யாரிடமும் காட்டவில்லை என்றால் என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே ஆபரேஷன் செய்தவரிடம் போய்க் காட்டுங்கள்.

பெருங்குடலில் மூன்றாவது ஸ்டேஜ். ஆபரேஷனும் கீமோவும் முடிந்தன. கொலனோஸ்கோப்பி, சி.டி., சி.இ.ஏ. மூன்றில் எதை விடலாம்?

எதையும் விட வேண்டாம். இடைவெளியைப் பற்றி வேண்டுமானால் பேசலாம். கொலனோஸ்கோப்பி, அதாவது குழாய் விட்டுக் குடலுக்குள் பார்ப்பது, ஆபரேஷன் முடிந்து ஒரு வருடத்தில் ஒன்று, அது சுத்தமாக இருந்தால் அடுத்தது மூன்று வருடம் கழித்து. சி.இ.ஏ. மலிவான ரத்தப் பரிசோதனை, நோய் திரும்பினால் ஏறக்கூடிய ஒரு புரதத்தின் அளவைக் காட்டும். முதல் இரண்டு வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். புகைபிடிப்பவருக்கு அந்த அளவு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

பணம் கரைவது சி.டி. ஸ்கேனில்தான். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சுமார் 2,500 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று வருடத்தில் ஐந்து முறை சி.டி.யும் சி.இ.ஏ.வும் பார்த்தார்கள், மறு பாதிக்கு இரண்டே முறை. ஐந்து வருட முடிவில் இறப்பு விகிதத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. வருடத்துக்கு ஒரு சி.டி. போதுமா என்று உங்கள் டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். அறவே நிறுத்திவிடாதீர்கள். நோய் கல்லீரலில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் வந்திருப்பது சி.டி.யில் தெரிந்தால், அதை வெட்டி எடுத்துக் குணப்படுத்த வாய்ப்பு உண்டு.

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம். எந்தத் தொந்தரவும் இல்லை. கடன் வாங்கியாவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடம்பு முழுக்கப் பார்க்கும் பெட் ஸ்கேன் எடுக்கிறோம். டமாக்ஸிஃபென் மாத்திரையை மட்டும் சிக்கனத்துக்காக ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறேன். சரிதானே?

சரியே இல்லை, அம்மா. இப்படி எழுதுகிறவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை, அதனால்தான் எனக்கு இவ்வளவு வருத்தம். உயிரைக் காப்பாற்றும் மலிவான மாத்திரையில் கையை இறுக்கிக்கொண்டு, பலன் இல்லாத ஸ்கேனுக்குக் கடன் வாங்குகிறீர்கள்.

ஹார்மோன் ஏற்பி உள்ள கட்டிக்கு, அதாவது ஹார்மோனால் வளரும் கட்டிக்கு, ஐந்து வருடம் தினமும் டமாக்ஸிஃபென் சாப்பிட்டால், அந்த நோயால் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஸ்கேனுக்கு அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. 1994-இல் இத்தாலியில் இருந்து இரண்டு ஆய்வுகள் வந்தன. எலும்பு ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே என்று விடாமல் எடுத்தவர்களும், டாக்டரிடம் காட்டி மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே மட்டும் எடுத்தவர்களும் ஒரே அளவில்தான் உயிர் வாழ்ந்தார்கள். எலும்புக்கோ கல்லீரலுக்கோ பரவியதைச் சில மாதம் முன்னால் கண்டுபிடிப்பதால் ஆயுள் நீள்வதாகத் தெரியவில்லை.

அப்புறம் அந்த பெட் ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரி. 'அக்குளில் சிறிய நெறிக்கட்டி, லேசான எடுப்பு, மூன்று மாதம் கழித்துப் பார்க்கவும்' என்று இருக்கும். 'எடுப்பு' என்றால் ஸ்கேனுக்குப் போட்ட மருந்தை அந்த இடம் உறிஞ்சுவது. கையில் போட்ட தடுப்பூசிக்குக்கூட அக்குள் நெறிக்கட்டி அப்படிக் காட்டும். அதற்கு இன்னொரு ஸ்கேன், ஒரு பயாப்ஸி, மூன்று மாதம் தூக்கம் கெடும். எந்தப் பரிசோதனை எழுதினாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதன் முடிவைப் பார்த்து என் சிகிச்சையை மாற்றுவீர்களா?

உங்களுக்கு வேண்டியது தினமும் மாத்திரை, வருடம் ஒரு மேமோகிராம், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது டாக்டரின் கை பட்ட பரிசோதனை. புதுக் கட்டி, இரண்டு வாரம் விடாத எலும்பு வலி, மூச்சிரைப்பு, மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, இதில் எது வந்தாலும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அப்போது ஸ்கேன் எழுதினால் உடனே எடுங்கள்.

இரைப்பையை முழுதாக எடுத்து மூன்று வருடம். நன்றாக இருக்கிறேன். பி12 ஊசியை நிறுத்தலாமா?

கூடாது. ஆயுசுக்கும் போட வேண்டும். உடம்பின் சேமிப்பு தீர வருடக்கணக்கில் ஆகும், தீர்ந்தபின் கை கால் மரத்துப்போனால் சில சமயம் அது திரும்பாது.

வாயில் ஆபரேஷன். செக்கப்பில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, கழுத்தை அழுத்திவிட்டு அனுப்புகிறார். இதற்கு ஒருநாள் கூலியை விட்டுப் போக வேண்டுமா?

போகத்தான் வேண்டும். வாயில் மறுபடி வருவதை முதலில் பிடிப்பது அந்த டார்ச்சும் விரலும்தான். முதல் வருடம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கழுத்துக்கு ரேடியேஷன் கொடுத்திருந்தால் ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை தைராய்டும் பாருங்கள். புகையிலையை விட்டீர்களா என்று எழுதவே இல்லையே? அதை விடாமல் செக்கப்புக்கு மட்டும் போனால் எப்படி?

புற்றுநோய்க்காகப் புரோஸ்டேட் சுரப்பியை எடுத்தாயிற்று. மலிவு என்று லேபை மாற்றினேன். பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையின் எண் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

லேபுக்கு லேப் எண் மாறும். பழைய லேபிலேயே மறுபடி எடுத்து, பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இரண்டு முறையும் 0.2 அல்லது அதற்கு மேல் என்றால் நோய் திரும்புகிறது என்று எடுத்துக்கொள்வோம். அதற்கு ரேடியேஷன் இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும்.